ஏறியது எவ்வளவு, இறங்கியது எவ்வளவு? வீட்டு டயாலிசிஸ் பம்புகளின் அளவுக் கணக்கு

சிறுநீரகம் செயலிழந்தவரின் வயிற்றுக்குள் திரவத்தை விட்டு, கழிவையும் அதிகப்படி நீரையும் அதோடு வெளியே எடுப்பதுதான் வயிற்று வழி டயாலிசிஸ். அது நடக்கிற வீட்டில் விடிந்ததும் முதல் கேள்வி, "ராத்திரி எவ்வளவு இறங்கியது?" என்பதுதான். சைக்கிளர் என்கிற இயந்திரம் இரவு முழுக்க வயிற்றுக்குள் திரவத்தை ஏற்றி, ஊறவிட்டு, இறக்கி, மறுபடி ஏற்றிக்கொண்டிருக்கும். காலையில் திரையில் ஓர் எண் நிற்கும். 800 என்று வைத்துக்கொள்வோம். உடம்பில் தேங்கியிருந்த நீரில் 800 மி.லி. வெளியேறிவிட்டது என்று அதற்குப் பொருள். அன்றைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் குடிக்கலாம், அடுத்த இரவுக்கு 1.5 சதவீதச் சர்க்கரைப் பையா, 2.5-ஆ, 4.25-ஆ என்பதெல்லாம் அந்த எண்ணை ஒட்டித்தான் முடிவாகிறது.

ஆனால் அந்த 800-ஐ இயந்திரம் நேரடியாக அளக்கவில்லை. கழித்துப் பெறுகிறது. ஐந்து சுழற்சி, ஒவ்வொன்றுக்கும் 2 லிட்டர் என்றால் ஏறியது 10,000 மி.லி. இறங்கியது 10,800. இரண்டு பெரிய எண்களின் வித்தியாசம்தான் நம் கைக்கு வருவது.

இங்கேதான் வம்பு. பம்பு 2 சதவீதம் தவறாக அளக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் அதே பக்கமாக 2 சதவீதம் தவறினால், கழித்த பிறகு மிஞ்சும் பிழை 16 மி.லி. ஒரு வாய்த் தண்ணீர்கூட இல்லை. ஏற்றும்போது 2 சதவீதம் குறைத்தும் இறக்கும்போது 2 சதவீதம் கூட்டியும் கணக்கிட்டால் 416 மி.லி. பிழை. 800 இறங்கிய இடத்தில் திரை 1,216 காட்டும். அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இரண்டு டம்ளர் கூடுதலாகக் குடிப்பார்கள். சாயங்காலம் கால் வீங்கும்.

ஆகவே, இந்த இயந்திரங்களுக்கான பம்பைத் தேர்வு செய்பவர் பட்டியலில் "துல்லியம் ±2 சதவீதம்" என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்தால் போதாது. போகும்போதும் வரும்போதும் பிழை ஒரே பக்கம் சாய்கிறதா என்று கேட்க வேண்டும். தப்பு நடந்தால் பம்புக்கே அது தெரியுமா என்று கேட்க வேண்டும். துல்லியமாக இருக்க வேண்டிய பாகம் இயந்திரத்துக்குள் இருக்கிறதா, தினமும் குப்பைக்குப் போகிற பிளாஸ்டிக்கில் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். நடைமுறையில் எதிர்ப்படும் நான்கு முறைகளையும் இந்தக் கேள்விகளை வைத்தே பார்க்கிறேன்.

தராசு

எல்லாவற்றிலும் பழையது, எளியது. பையை உயரத்தில் மாட்டு, புவியீர்ப்பில் இறங்கட்டும், எடை போடு. 1976-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் பாப்போவிச்சும் மான்கிரீஃபும் முன்வைத்த, இயந்திரமே இல்லாத வயிற்று டயாலிசிஸ் முறையில் இன்றும் வீடுகளில் நடப்பது இதுதான். ஒரு ஸ்பிரிங் தராசு, ஒரு நோட்டுப் புத்தகம். தொடக்க கால சைக்கிளர்கள் பலவும் இதையே மோட்டாரும் வால்வும் வைத்துச் செய்தன. ஸ்பிரிங் இருந்த இடத்துக்கு, எடையை மின் சைகையாக மாற்றும் லோட் செல் வந்தது.

தராசை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஏறியதையும் இறங்கியதையும் ஒரே தராசில் போட்டால் பிழை பெருமளவு அடிபட்டுப் போகிறது. குழாய் பழசா புதுசா, பம்பு தேய்ந்ததா என்ற கவலை இல்லை. சரிபார்ப்பது சுலபம், ஒரு கிலோ படிக்கல் போதும். திரவத்தில் உப்பும் சர்க்கரையும் இருப்பதால் அது தண்ணீரைவிடச் சற்றுக் கனம். ஒரு கிராம் சரியாக ஒரு மி.லி. ஆகாது. ஆனால் அந்த வேறுபாடு தெரிந்த ஒன்று, கணக்கில் திருத்திவிடலாம்.

சிக்கல் வேறு இடத்தில். ஆடாமல் அசையாமல் இருந்தால்தான் தராசு தராசு. மின்விசிறிக் காற்றில் பை ஆடும். தூக்கத்தில் குழாயை இழுத்தால் எடை மாறும். பேரன் வந்து பையைத் தட்டிப் பார்ப்பான். அதைவிடப் பெரிய தொல்லை உயரம். வடிகால் பை வயிற்றுக்குக் கீழே இருக்க வேண்டும். தரையில் பாய் விரித்துப் படுப்பவருக்கு அதற்கும் கீழே இடம் எங்கே? ஏற்றும் பை மேலே, இறக்கும் பை கீழே, நடுவே கட்டில் என்று அறையே இயந்திரத்துக்கு ஏற்ப மாற வேண்டியிருக்கிறது.

ரோலர் பம்பு

டயாலிசிஸ் சென்டருக்குப் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். வளைந்த குழாயை உருளைகள் நசுக்கிக்கொண்டே சுழல, ரத்தம் முன்னே நகரும். ஒரு சுற்றுக்கு இத்தனை மி.லி., இத்தனை சுற்று, ஆக இவ்வளவு என்று பெருக்கிக்கொள்வதுதான் அளவு முறை. மலிவு, சத்தம் குறைவு, திரவம் குழாயை விட்டு வெளியே வருவதே இல்லை.

வீட்டுச் சைக்கிளரில் சுற்றை எண்ணுவதை மட்டும் நம்புவதாக இருந்தால் இதை நான் முதலிலேயே ஓரம் கட்டுவேன். காரணம் மலிவு அல்ல. இந்தப் பம்பு எதையும் அளப்பதில்லை, ஊகிக்கிறது. ஊகம் முழுக்கக் குழாயின் உள்விட்டத்தின் மேல் நிற்கிறது. விட்டம் 2 சதவீதம் கூடினால் கொள்ளளவு 4 சதவீதம் கூடும். அந்தக் குழாயோ தினமும் தூக்கியெறிகிற பொருள். ஒவ்வொரு பெட்டியிலும் வரும் ஒவ்வொரு குழாயும் ஒரே விட்டத்தில் இருக்க வேண்டும் என்றால், துல்லியத்துக்கான விலையை நோயாளி தினமும் கொடுக்கிறார் என்று அர்த்தம். போதாததற்கு, எட்டு மணி நேரம் நசுங்கிய குழாய் விடியற்காலையில் முதல் சுற்றில் இருந்தது போல் உப்பி எழாது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. உண்மையான ஆபத்து பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் இருக்கிறது. ஏற்றும்போது பம்பின் முன்னால் இருப்பது திரவப் பை, தாராளமாகக் கொடுக்கும். இறக்கும்போது முன்னால் இருப்பது வயிற்றில் பொருத்திய மெல்லிய குழாயான கதீட்டரும், அதோடு சேரும் நீண்ட குழாயும். அதற்குள்ளிருந்து உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது. நசுங்கிய குழாய் முழுதாக விரிவதற்குள் அடுத்த உருளை வந்துவிடுகிறது. சுற்று எண்ணிக்கை 2,000 மி.லி. என்று சொல்லும், வந்திருப்பது 1,900. மீதி 100 வயிற்றிலேயே கிடக்கும், கூடவே திரையில் "100 அதிகமாக இறங்கியது" என்ற பொய்யும் சேரும். ஐந்து சுழற்சியில் 500. மேலே சொன்ன எதிரெதிர்ப் பிழையின் நேரடி உதாரணம் இது. நீர் தேங்கத் தேங்க, நன்றாக இறங்குகிறது என்று இயந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்.

ரோலர் பம்பைத் தராசோடு சேர்த்தால் கதை மாறும். ஐ.சி.யூ.வில் நாள் முழுக்க ஓடுகிற டயாலிசிஸ் இயந்திரங்களில், பிரிஸ்மாஃப்ளெக்ஸ் உட்பட, அந்தக் கூட்டணிதான். பம்பு தள்ளும், தராசு தப்பைப் பிடிக்கும். ஆனால் அங்கே நர்ஸ் பக்கத்திலேயே நிற்கிறார். பை ஆடினால் அலாரம் அடிக்கும், அவர் வந்து பார்ப்பார். படுக்கையறையில் அதே அலாரம் ராத்திரி இரண்டு மணிக்கு அடிக்கும்.

பிஸ்டன்

ஃப்ரெசீனியஸ் நிறுவனத்தின் லிபர்ட்டி சைக்கிளர் இந்த வகை. தினமும் மாற்றுகிற பிளாஸ்டிக் கேசட்டில் மெல்லிய சவ்வால் மூடிய இரண்டு அறைகள். இயந்திரத்துக்குள் இரண்டு பிஸ்டன்கள். பிஸ்டன் முன்னே வந்தால் அறை காலியாகும், பின்னே போனால் நிரம்பும். பிஸ்டனை நகர்த்துவது சின்னச் சின்னப் படிகளாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார் என்பதால் எத்தனை படி நகர்ந்தது என்பது துல்லியமாகத் தெரியும்.

40 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன் 20 மி.மீ. நகர்ந்தால் ஏறக்குறைய 25 மி.லி. இரண்டு லிட்டருக்கு 80 தடவை. துல்லியம் இயந்திரத்தின் உலோகத்தில் இருக்கிறது, கேசட்டில் அல்ல. ரோலரைவிட இது பெரிய முன்னேற்றம்.

ஆனாலும் இதுவும் திரவத்தை அளக்கவில்லை, உலோகத்தின் நகர்வை அளக்கிறது. பிஸ்டன் தலைக்கும் அறைச் சுவருக்கும் நடுவே வளையம்போல ஒரு பட்டைச் சவ்வு எதன் ஆதரவும் இல்லாமல் நிற்கிறது. தள்ளும்போது அது ஒரு பக்கம் புடைக்கும், உறிஞ்சும்போது மறுபக்கம். ஆக இங்கேயும் பிழை திசைக்குத் திசை மாறுகிறது. அழுத்தத்தை அளந்து, இந்த அழுத்தத்துக்கு இவ்வளவு புடைப்பு என்று திருத்தம் போட்டுச் சரிசெய்யலாம். காற்றுக் குமிழி புகுந்தாலும் அழுத்தம் உயரும் வேகத்தைப் பார்த்துப் பிடிக்கலாம். நன்றாகச் செய்தால் நன்றாகவே வேலை செய்யும்; பல்லாயிரம் வீடுகளில் செய்கிறது. எனக்குள்ள தயக்கம், எல்லாம் அந்தத் திருத்தக் கணக்கின் மேல் நிற்கிறது என்பது மட்டும்தான்.

காற்றை அளப்பது

இப்போது எனக்குப் பிடித்ததற்கு வருகிறேன். திரவத்தை அளக்க வேண்டுமா? விட்டுவிடு, அது இல்லாத இடத்தை அள.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மான்செஸ்டர் நகரில் டீன் கேமனின் டெக்கா நிறுவனம் இதை உருவாக்கியது. பின்னாளில் செக்வே என்ற இரு சக்கர வண்டியால் பெயர் பெற்ற அதே கேமன்தான். பாக்ஸ்டர் நிறுவனம் 1994-ல் ஹோம்சாய்ஸ் என்ற பெயரில் அந்த சைக்கிளரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. (பாக்ஸ்டரின் சிறுநீரகப் பிரிவு 2025-லிருந்து வான்டிவ் என்ற தனி நிறுவனம்.) அதுவரை சைக்கிளர் என்றால் அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் ஸ்டாண்டு, இது மேசை மேல் வைக்கிற பெட்டியாக வந்தது. உயரக் கணக்கும் போயிற்று.

வேலை செய்யும் விதம் இது. கேசட்டில் மெல்லிய சவ்வு மூடிய அறை. சவ்வுக்கு ஒரு பக்கம் திரவம், மறு பக்கம் காற்று. காற்றை அழுத்தினால் திரவம் வெளியே போகும், வெற்றிடம் கொடுத்தால் உள்ளே வரும். பிஸ்டன் கிடையாது. சவ்வு எந்த வடிவத்தில் வளைந்திருந்தாலும் பரவாயில்லை. திரவ வால்வுகளை மூடிவிட்டு, சவ்வுக்குப் பின்னால் காற்றுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று கண்டுபிடித்தால் போதும். அறையின் மொத்தக் கொள்ளளவு மாறாது. காற்றின் இடம் கூடியிருந்தால் அந்த அளவுக்குத் திரவம் போயிருக்கிறது.

காற்றின் இடத்தை எப்படி அளப்பது? 1662-ல் ராபர்ட் பாயில் சொன்ன விதி, பள்ளிக்கூடத்தில் நாம் படித்த அதேதான்: காற்றுக்குள்ள இடம் குறைந்தால் அதே விகிதத்தில் அழுத்தம் கூடும். இயந்திரத்துக்குள் கொள்ளளவு தெரிந்த ஒரு கெட்டியான அறை இருக்கிறது. அது 20 மி.லி. என்று வைத்துக்கொள்வோம்; அதற்குள் அழுத்தம் 150 கிலோபாஸ்கல். பம்பு அறையில் காற்றழுத்தம் 100, கொள்ளளவு தெரியாது. நடுவில் இருக்கும் வால்வைத் திறந்தால் இரண்டும் சமமாகி 120-ல் நிற்கிறது. 20 மி.லி. அறை 30 கிலோபாஸ்கல் இழந்தது. பம்பு அறை 20 கிலோபாஸ்கல் பெற்றது. இழந்ததும் பெற்றதும் சமம் என்பதால் 20-ஐ 30-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்தால், பம்பு அறையில் காற்றுக்குள்ள இடம் 30 மி.லி. அறை நிரம்பியிருக்கும்போது ஒரு தடவை, காலியான பிறகு ஒரு தடவை அளந்து கழித்தால், அந்தத் தள்ளலில் போன திரவம்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, அளக்கும் நேரத்தில் திரவ வால்வுகள் மூடியிருக்கின்றன என்பது. நோயாளி ஒருக்களித்துப் படுத்திருக்கிறாரா, குழாய் மடங்கியிருக்கிறதா, கட்டில் எவ்வளவு உயரம், ஏற்றுகிறதா இறக்குகிறதா, எதுவுமே அந்த நொடியில் கணக்கில் இல்லை. பம்பு நின்ற பிறகு அளக்கிறது. 20 மி.லி. அறை உண்மையில் 20.2 ஆக இருந்தால் எல்லா அளவுகளும் 1 சதவீதம் தவறும். ஆனால் இரு திசையிலும் அதே 1 சதவீதம். கழித்தால் பெரும்பாலும் போய்விடும். குழாய் மடங்கி அரைவாசிதான் வந்தது என்றால், அரைவாசிதான் வந்தது என்றே எழுதும். ரோலர் பம்பைப் போலக் கதை விடாது.

கேசட் வெறும் பிளாஸ்டிக்கும் சவ்வும். அதில் எந்தத் துல்லியமும் தேவையில்லை. அளவு அறை இயந்திரத்துக்குள், திரவம் தொடாத இடத்தில், வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். திரவப் பக்கம் காற்றுக் குமிழி புகுந்தாலும் தெரிந்துவிடும். குமிழி அழுத்தத்தில் சுருங்கும், வெற்றிடத்தில் விரியும். ஒரே அறையை அழுத்தத்தில் ஒரு முறையும் வெற்றிடத்தில் ஒரு முறையும் அளந்தால் இரண்டு விடைகள் ஒத்துப்போகாது.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது, அதுவும் சாதாரணக் குறை இல்லை. மேலே உள்ள உதாரணத்தில் 120 என்பதற்குப் பதில் சென்சார் 120.3 காட்டினால் விடை 30-லிருந்து 29.3-க்கு இறங்கும். கால் சதவீத அழுத்தப் பிழை இரண்டரை சதவீதக் கொள்ளளவுப் பிழையாகப் பெருத்துவிடுகிறது. அதைவிடக் கொடுமை வெப்பம். பாயில் விதி வெப்பநிலை மாறாதபோது மட்டுமே பொருந்தும். வால்வைத் திறந்ததும் காற்று பாயும். விரிகிற பக்கம் குளிரும், அமுங்குகிற பக்கம் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பாகம் சுடுகிறதே, அதே சங்கதி. இரண்டு அறைகளுக்குள்ளும் உள்ள காற்று சராசரியாக 3 டிகிரி கூடுதலாக இருக்கும்போது படித்தால், 30 மி.லி.யில் ஏறக்குறைய 3 மி.லி. காணாமல் போகும். பத்தில் ஒரு பங்கு!

வழி இருக்கிறது. கொஞ்சம் பொறுத்திருந்து படிக்கலாம். அறைக்குள் மெல்லிய செம்புக் கம்பிச் சுருளோ துளைகளுள்ள நுரையோ அடைத்து வைத்தால், காற்றின் சூட்டை அது உடனே வாங்கிக்கொள்ளும். பொறுத்திருப்பதால் நேரம் போகுமே என்றால், இரண்டு அறைகள் வைத்து ஒன்று அளக்கும்போது மற்றது தள்ளுமாறு செய்யலாம். விதிக்கு வேண்டியது முழு அழுத்தம், வெளிக்காற்றை விட எவ்வளவு கூட என்பது அல்ல. ஆகவே ஊரின் காற்றழுத்தமும் இயந்திரத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊட்டியில் காற்றழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவு. சென்னைக் கணக்கை வைத்துக்கொண்டு மலையேறினால் ஏறியதும் இறங்கியதும் எல்லாமே தப்பாகும்.

இன்னொன்று சத்தம். காற்றழுத்தமும் வெற்றிடமும் உண்டாக்க ஒரு பம்பு, அறைக்கு அறை வால்வுகள். டக், டக், புஸ் என்று ராத்திரி முழுக்க. பழகிவிடும் என்று சொல்வார்கள்; பழகுவது நோயாளிக்கு, பக்கத்தில் படுப்பவருக்கு அல்ல.

ரத்த டயாலிசிஸ் என்றால் கணக்கே வேறு

வீட்டிலேயே ரத்த டயாலிசிஸ் செய்பவர்களுக்கு மேலே சொன்னதை அப்படியே பொருத்த முடியாது. சென்டரில் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 500 மி.லி. திரவம். நாலு மணி நேரத்தில் 120 லிட்டர். எடுக்க வேண்டிய நீர் இரண்டு, மூன்று லிட்டர். போகும் வழியில் ஒரு மீட்டர், வரும் வழியில் ஒரு மீட்டர் வைத்து, இரண்டுக்கும் 1 சதவீதம் வேறுபாடு இருந்தாலே 1.2 லிட்டர் போச்சு. அதனால் அங்கே பெரும்பாலும் அளப்பதைக் கைவிட்டு, சமப்படுத்துகிறார்கள். கெட்டியான அறையின் நடுவில் சவ்வு. ஒரு பக்கம் புதுத் திரவம் புகும்போது, அதே அளவு பழையது மறு பக்கத்திலிருந்து வெளியேறியே ஆக வேண்டும். எடுக்க வேண்டிய நீரை மட்டும் தனியாக ஒரு சின்னப் பம்பு எடுக்கும். 2005-ல் அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அனுமதி பெற்ற நெக்ஸ்டேஜ் இயந்திரமும் இந்தச் சமநிலை அறை வழியில்தான் போனது. வயிற்று டயாலிசிஸில் ஏறுவதும் இறங்குவதும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. நடுவில் மணிக்கணக்கில் இடைவெளி. சமப்படுத்த அங்கே எதிர்ப்பக்கம் ஆளே இல்லை.

எதை எடுப்பது?

இரவில், ஆள் பக்கத்தில் விழித்திராத வீட்டில், வயிற்று டயாலிசிஸுக்கு என்றால் என் ஓட்டு காற்று அளவைக்கே. சத்தத்தைச் சகித்துக்கொள்ளலாம். சத்தம் பெரிய பிரச்சினை, படுக்கையறை சின்னது என்றால் அழுத்தத் திருத்தம் ஒழுங்காகச் செய்த பிஸ்டன். மின்சாரம் அடிக்கடி போகிற ஊரில், இயந்திரத்துக்குச் செலவழிக்க வழியில்லாத வீட்டில், பகலில் நாலு தடவை கையால் மாற்றிக்கொள்ளும் முறையும் ஸ்பிரிங் தராசும் எந்த வகையிலும் இரண்டாந்தரம் இல்லை. சுற்றை எண்ணுவது மட்டுமே அளவு என்று சொல்லும் ரோலர் வடிவமைப்பை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் வாங்கச் சொல்ல மாட்டேன். குழந்தைக்கென்றால் கண்டிப்பாக மாட்டேன். ஒரு தடவைக்கு 300 மி.லி. மட்டுமே ஏற்றுகிற வயிற்றில் 100 மி.லி. தங்குவதும், 2 லிட்டர் ஏற்றுகிற வயிற்றில் தங்குவதும் ஒன்றல்ல.

ஆனால் எந்தப் பம்பை எடுத்தாலும் அதற்குத் தெரியாத ஒன்று உண்டு. வயிற்றில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்பது. பம்புக்குத் தன் வழியாகப் போனது மட்டுமே தெரியும். இறங்கி முடிவதற்குள் அலாரம் அடித்து, தூக்கக் கலக்கத்தில் யாராவது அதைத் தாண்டும் பொத்தானை அழுத்திவிட்டால், மிச்சம் உள்ளே இருக்க மேலும் 2 லிட்டர் ஏறும். அளவு ஒவ்வொன்றும் சரியாக இருக்கும், வயிறு மட்டும் பானை போல் ஆகும், மூச்சு முட்டும். 2010-ல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., ஹோம்சாய்ஸ் மீதான ரீகாலை (குறையுள்ள கருவியைத் திரும்பப் பெறவோ திருத்தவோ எடுக்கும் நடவடிக்கை) மிகக் கடுமையான முதல் வகுப்பில் வைத்தது இப்படி வயிற்றில் அளவுக்கு மீறித் திரவம் சேர்வதை ஒட்டித்தான். நான் புகழ்ந்த அதே காற்று அளவை உள்ள இயந்திரம். ஆகவே பம்பைப் பற்றி விசாரிக்கும்போதே, முந்தைய சுழற்சியில் எத்தனை சதவீதம் இறங்கினால் அடுத்ததை ஏற்ற இது சம்மதிக்கும், அந்த எண்ணை யார் மாற்ற முடியும் என்றும் கேட்டுவிட வேண்டும்.

இயந்திரம் வந்த பிறகு வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. வடிகால் திரவத்தை நேரே கழிவறைக்கு விடாமல் பையில் பிடித்து, காலையில் தராசில் வைத்துத் திரையில் இருக்கும் மொத்த வடிகாலோடு ஒப்பிடுங்கள். காலிப் பையின் எடையையும், தொடக்கத்தில் குழாயைக் கழுவ ஓடிய திரவத்தையும் கழிக்க மறக்கக் கூடாது. இரண்டு எண்ணும் அச்சாகப் பொருந்தாது. பொருந்த வேண்டியதும் இல்லை. ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். வித்தியாசம் தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றால் விட்டுவிடலாம். திங்கட்கிழமை 40, செவ்வாய் 150, புதன் 20 என்று தாவினால் நோட்டை எடுத்துக்கொண்டு டயாலிசிஸ் நர்ஸிடம் காட்டுங்கள்.